புரொக்சியைத் திரும்பக் கேட்ட அக்கா

கண்டி கட்டுக்கலையில் நான் குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு தையற்கடை இருந்தது. அதை நடத்தியவரைத் தெரு முழுவதும் நானா என்றே கூப்பிட்டது; முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் சொல் அது. கோட்டு வெட்டுவதில் கண்டியில் அவருக்கு நல்ல பெயர். தேயிலைத் தோட்டத்துத் துரைமாரின் துணிகூட அவருடைய மேசைக்கு வரும். துரைமாருக்கு நடுங்காத அந்தக் கை, மாடிப் பின்னறையில் குடியிருந்த அக்கா துணியோடு படியிறங்கி வந்தால் நின்றுவிடும்.

"தங்கச்சி, துணிய வெச்சிட்டுப் போங்க. அஸர் தொழுகைக்குப் பொறவு வந்து எடுக்கலாம்."

"பரவாயில்ல நானா. நீங்க வெட்டுங்க. நான் சும்மா உக்காந்திருக்கேன்."

"நீங்க சும்மா இரிக்கிறதுதான் தங்கச்சி எனக்குப் பயம்."

உண்மையில் அக்கா சும்மாதான் இருப்பார். குறை சொல்வதில்லை, அவசரப்படுத்துவதில்லை. ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து கத்தரிக்கோல் போகும் வழியைப் பார்த்துக்கொண்டிருப்பார். வேலை முடிந்ததும் "நல்லா இருக்கு நானா" என்று சொல்லி எழுந்து போவார். அந்தக் கடைக்குப் பொத்தான் துளை தைத்துக் கொடுப்பதுதான் அவருடைய பிழைப்பு. தான் தைக்கும்போது நானா பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்த்தாலும் அவருக்கு ஆட்சேபணை இருந்திருக்காது. நானாவுக்குத்தான் நேரமில்லை.

ஒருமுறை காது தோடு ஒன்றைப் பற்றவைக்க ஓர் ஆசாரியிடம் கொடுத்தார். ஆசாரி மறுநாள் வரச் சொன்னார். அக்கா போகவில்லை, அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் ஆசாரியின் மனைவி வேறு வழியில்லாமல் ஒரு தட்டில் சோறு போட்டுக் கொடுத்தார். நான் அந்தப் பக்கமாக வந்தபோது அந்த வீட்டுக் கைக்குழந்தை அக்காவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. ஆசாரி தோட்டின் மேல் குனிந்து முழு மூச்சாக ஊதிக்கொண்டிருந்தார். மிளகாய் அரைக்கும் மில்லிலும் இதே கதைதான். எல்லோரும் வெளியே நின்று தும்மும்போது இவர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே நிற்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. அவருக்கும் வயது முப்பதை ஒட்டித்தான் இருக்கும். நெடிய உருவம், சற்றே முன்னால் வளைந்த கழுத்து. எதையும் பார்க்கும்போது இமைப்பது குறைவு. இந்தப் பழக்கம் பிறவியிலேயே வந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒருநாள் மாடிப்படியில் வைத்து அவரே காரணத்தைச் சொன்னார்.

அவருடைய அப்பா பன்வில பக்கத்துத் தோட்டமொன்றில் பெரிய கங்காணி. மகளைக் கண்டியில் புடவைக்கடை வைத்திருந்த ஒருவருக்கு, முறைப்படி பதிந்து, நிறையச் செய்து கட்டிக்கொடுத்தார். மீனாட்சி என்று ஒரு பெண் குழந்தை. பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போது அக்காவின் அப்பா இறந்துபோனார். பிள்ளையைப் புருஷனிடம் விட்டுவிட்டு, பதினாறாம் நாள் காரியம்வரை அக்கா தோட்டத்தில் தங்கினார். துணைக்குப் புருஷனின் மூத்த சகோதரியும் கூட இருந்தார். இருவரும் திரும்பி வந்தபோது கண்டி வீட்டில் பூட்டுத் தொங்கியது. புருஷனுக்குக் கடுகண்ணாவையில் இன்னொரு குடும்பம் இருந்தது. மீனாட்சியை அங்கே கொண்டுபோய் விட்டிருந்தார்.

"ஒரே ஒரு தடவ கண்ண எடுத்தேன் தம்பி" என்றார். "அவ்வளவுதான். அதுக்கப்புறம் நான் எதுலருந்தும் கண்ண எடுக்கிறதில்ல."

கடுகண்ணாவைக்கும் ரயிலில் போயிருக்கிறார். யாரும் கதவைத் திறக்கவில்லை. உள்ளே பிள்ளை பாடுவது மட்டும் கேட்டதாம். வாசலில் உட்கார்ந்தார். பொலிஸ்காரர் ஒருவர் வந்து எழுப்பினார். வழக்கிருந்தால் கோர்ட்டுக்குப் போ என்றார். அக்கா போனார். புருஷன் வேறொருத்தியோடு வாழ்கிறார், விவாகரத்து வேண்டும், பிள்ளை வேண்டும் என்று மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கலானது. அவள்தான் வீட்டைவிட்டுப் போனாள் என்று புருஷன் எதிர்வழக்குப் போட்டார். அது நிரூபணமானால் குற்றம் இவர் மேல் விழும், மீனாட்சி கடுகண்ணாவையிலேயே வளர்வாள்.

அந்தக் காலத்தில் இலங்கையில் வழக்கை நடத்துபவரைப் பிரக்கிராசி என்போம். அக்காவின் பிரக்கிராசி யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் பேர் போனவர். வெள்ளைக் கோட்டு, பொன் சங்கிலிக் கடிகாரம், நல்ல ஆங்கிலம். அவருடைய அலுவலகத்து விறாந்தையில் கட்சிக்காரர்கள் உட்காரும் நீண்ட வாங்கு ஒன்று கிடக்கும். எல்லோரும் அதில் வரிசையாக உட்கார்ந்து, உள்ளேயிருந்து கிளாக்கர் கூப்பிடும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அக்கா முதல் நாளே அந்த வாங்கைத் தாண்டி உள்ளே போய்க் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். பத்திரிகைச் செய்தி ஒன்றைச் சரிபார்க்க நானும் அப்போது அங்கே இருந்தேன்.

"பிள்ளை, வெளியிலை வாங்கிலை இரும். நான் பிறகு கூப்பிடுறன்" என்றார் பிரக்கிராசி.

"இங்கயே இருக்கேங்கய்யா."

"இஞ்சை நான் வேலை செய்யவேணும்."

"என் வேலைதானங்கய்யா? செய்யுங்க. நான் பேச மாட்டேன்."

"நீர் பேசாமல் இருந்து பாக்கிறதுதான் கரைச்சல். உந்த விசயமெல்லாம் நாங்கள் பாத்துக்கொள்ளுவம். நீர் ஒண்டுக்கும் யோசியாதையும். உம்மடை அந்தப் பொடிச்சியின்ரை விசயமும் சரிவரும்."

கிளாக்கர் கதவைத் திறந்து பிடித்தார். அக்கா எழுந்தார். கண்டியில் அவரை எழுப்பி வெளியே அனுப்பிய முதல் ஆள் அந்தப் பிரக்கிராசிதான்.

"புள்ள பேரு மீனாட்சிங்கய்யா" என்றார் வாசலில் நின்று.

"ஓம், ஓம்" என்றார் அவர். அடுத்த தடவையும் அந்தப் பொடிச்சி என்றுதான் சொன்னாராம், அதற்கடுத்த தடவையும்.

அக்காவுக்கு அவர் மேல் நம்பிக்கை போனது அங்கேதான். வேறு காரணங்களும் சேர்ந்தன. இரண்டு தரப்புப் பிரக்கிராசிகளும் ஒரே காரில் வந்து இறங்கினார்கள், ஒரே மேசையில் தேநீர் குடித்தார்கள். அது அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வது, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று நான் சொன்னேன். "சிரிச்சுப் பேசட்டும் தம்பி, அது அவங்க இஷ்டம்" என்றார். "ஆனா சாட்சி யாருன்னு இன்னும் என்கிட்ட கேக்கலியே. ஒரு ஆளுகூட கேக்கல."

பின்னாளில் இதே சந்தேகத்தோடு மாத்தளையிலிருந்து ஒரு பெண் நானாவின் கடைக்கு வந்து அக்காவைத் தேடியபோது அக்கா சொன்ன யோசனை எனக்கு நினைவிருக்கிறது. "சண்ட போடாதீங்க. உங்க பிரக்கிராசி சொல்றத உங்க வாயால திருப்பிச் சொல்லிப் பாருங்க. சொல்ல வரலன்னா உங்களுக்குப் புத்தி கம்மின்னு நெனைக்காதீங்க. அவரு சொல்லவே இல்லன்னு அர்த்தம்."

தன் விஷயத்தில் அவர் செய்தது இன்னும் எளிது. பிரக்கிராசியின் அறையில் உட்கார இடமில்லையென்றால் நீதிமன்றத்தில் இருந்தது. அங்கே யாரும் தடுக்கவில்லை. வழக்கைக் கூப்பிடும் தவணை நாளில் வரத் தேவையில்லை என்று பிரக்கிராசி சொல்லியனுப்பினாலும் வந்தார். தன் வழக்கு இல்லாத நாட்களிலும் பொத்தான் வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு வந்தார். பொதுமக்கள் வரிசையில் கடைசியில் உட்கார்ந்து, காணிச் சண்டை, கடன் வழக்கு, வரப்புத் தகராறு எல்லாவற்றையும் பார்த்தார். எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. அவருக்கு ஒரு சொல்லும் தெரியாது. நான் கொழும்பில் அச்சாகும் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குக் கண்டி நிருபர். என் நாற்காலி முன்னால். சாயந்தரம் மாடிப்படியில் என்னைப் பிடித்துக்கொள்வார்.

"இன்னைக்கு அந்தத் தெல்தெனியாக்காரரு எழுந்து நின்னாரே. அவரோட பிரக்கிராசி ஏன் உக்காந்துட்டாரு?"

வழக்குப் போடும்போது, எனக்காக இவர் பேசுவார் என்று கட்சிக்காரர் பிரக்கிராசிக்குக் கையெழுத்திட்டுக் கொடுக்கும் பத்திரம் ஒன்று உண்டு. புரொக்சி என்பார்கள். அதைக் கொடுத்தால் வழக்கு முடியும்வரை வாயையும் கொடுத்தாயிற்று என்றுதான் கண்டியைச் சுற்றியிருந்த எல்லோரும் நம்பினார்கள். பிரக்கிராசி தலையாட்டினால் கட்சிக்காரர் தலையாட்டியதாகவே கணக்கு. நடுவில் எழுந்து பேசினால் நீதிபதி கேட்கவும் மாட்டார், உன் பிரக்கிராசி மூலம் பேசு என்பார். ஆனால் நீதிமன்றத்தின் அனுமதி கேட்டு அந்தப் பத்திரத்தைத் திரும்பப் பெறலாம். தெல்தெனியாக்காரர் அதைத்தான் செய்தார் என்று விளக்கினேன்.

"மொதல்ல அதத்தான் கேக்கணுமா?"

"மொதல்ல அது. அப்புறந்தான் மத்தது."

"அப்படியா" என்று சொல்லிவிட்டுப் படியேறினார். கட்சி சேராமல் இருப்பது என் தொழில். கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவே.

சில மாதங்கள் தவணையில் ஓடின. பிறகு ஒரு நாள் வழக்கைக் கூப்பிட்டார்கள். இன்றைக்கு வெறும் தவணைதான், வராதையும் என்று முந்தின நாள் கிளாக்கர் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். அக்கா கடைசி வரிசையில் இருந்தார். இரண்டு பிரக்கிராசிகளும் ஒன்றாக எழுந்து நின்றார்கள். அக்காவின் பிரக்கிராசி நீதிபதியிடம் மெதுவாக, அழகாகப் பேசினார். கட்சிகள் சமரசத்துக்கு வந்துவிட்டன என்றார். மனைவி தன் வழக்கை விட்டுவிடுவார், வீட்டைவிட்டுத் தானே போனதை ஒத்துக்கொள்வார், அவருடைய நகையும் சேலைகளும் திருப்பித் தரப்படும், பிள்ளை மீனாட்சி தகப்பனோடு இருப்பாள். என் பென்சில் நின்றுவிட்டது. ஆங்கிலத்திலேயே அவர் தொடர்ந்து, பிள்ளை மீனாட்சியின் நலனை முன்னிட்டு என்றார்.

அவர் எதிர்த்தரப்பிடம் கைநீட்டினாரா என்று எனக்குத் தெரியாது. ஆதாரம் இல்லாததை அன்றும் எழுதவில்லை, இன்றும் எழுதமாட்டேன். தனியாக இருக்கும் பெண், பிள்ளையை எப்படி வளர்ப்பாள், இதுவே அவளுக்கு நல்ல முடிவு என்று அவர் மனதார நம்பியிருக்கவும் கூடும். அப்படி நம்பியிருந்தால் அதையாவது அக்காவிடம் சொல்லியிருக்கலாம்.

பின்னால் வாங்கு கிரீச்சிட்டது. திரும்பிப் பார்த்தேன். அக்கா எழுந்து நின்றிருந்தார். அவருக்குச் சமரசம் புரியவில்லை, நிபந்தனை புரியவில்லை. இத்தனை மாதம் பிள்ளையின் பெயரை ஒரு தடவைகூட நினைவில் வைக்காத மனிதர் இன்று இரண்டு தரம் பிழையில்லாமல் சொன்னார். அது மட்டும் புரிந்தது.

காவலாள் "இரு, இரு" என்று கையசைத்தார். அக்கா இருக்கவில்லை. நடுவழியில் வந்து நின்றார். நீதிபதி வெள்ளைக்காரர். மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, யார் இது என்று கேட்டார். தன் கட்சிக்காரர்தான், கொஞ்சம் மனக்குழப்பத்தில் இருக்கிறார் என்று பிரக்கிராசி சிரித்தபடி சொன்னார். நீதிமன்றத்தில் மொழிபெயர்க்கும் உத்தியோகத்தரை முதலியார் என்பார்கள். அவர் அக்காவைப் பார்த்து, "என்ன வேணும்?" என்றார்.

நான் சம்மதிக்கவில்லை என்று கத்தியிருந்தால், பிரக்கிராசி மூலம் பேசு என்று சொல்லி உட்காரவைத்திருப்பார்கள். சமரசம் பதிவாகியிருக்கும். மேசையைச் சுற்றியிருந்த எல்லாருக்கும் அது தெரியும்.

"தொரைகிட்ட சொல்லுங்க" என்றார் அக்கா. "அந்த ஐயாவுக்கு நான் குடுத்த புரொக்சிய திரும்ப எடுத்துக்கிறேன். தொரை அனுமதி குடுக்கணும். அது மொதல்ல. மத்தது அப்புறம் பேசுறேன்."

முதலியார் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். பிரக்கிராசியின் முகத்திலிருந்த சிரிப்பு பாதியில் நின்றது. நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். காரணம் என்ன என்று கேட்டார்.

"என் புள்ள பேரச் சொன்னாரு. என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியாது. முதலியாரய்யா தமிழ்ல சொல்லட்டும். நான் சம்மதிச்சதா இல்லையான்னு ஒவ்வொண்ணா சொல்றேன்."

சமரச நிபந்தனைகளைத் தமிழில் சொல்லும்படி நீதிபதி உத்தரவிட்டார். முதலியார் தொண்டையைச் செருமினார்.

"உம்முடைய நகைகளும் சேலைகளும் திருப்பித் தரப்படும்."

"நல்லது."

"நீர் உம்முடைய சுயவிருப்பத்தின் பேரில் வீட்டைவிட்டுப் போனதாக ஒப்புக்கொள்ளுகிறீர்."

"பொய்."

முதலியார் ஆங்கிலத்தில், வாதி அந்தக் கூற்றை ஏற்க மறுக்கிறார் என்று நீட்டினார். அக்கா கையைத் தூக்கினார். "ஐயா, நான் ஒரு சொல்லுதான் சொன்னேன். நீங்க என்னமோ நெறைய சொல்றீங்க."

சபை சிரித்துவிட்டது. முதலியாரும் மீசைக்குள் சிரித்தபடி நீதிபதி பக்கம் திரும்பி, அந்த ஒற்றைச் சொல்லை ஆங்கிலத்தில் சொன்னார். நீதிபதி அதை எழுதிக்கொண்டார்.

"பிள்ளை தகப்பனோடு இருக்கும்."

அக்கா முன்னாலிருந்த தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நகைய அவரே வெச்சிக்கட்டும்" என்றார். "நான் புள்ளைக்குத்தான் வந்திருக்கேன்."

அனுமதி கிடைத்தது. புரொக்சி ரத்தானது. சமரசம் பதிவாகவில்லை. புதிய பிரக்கிராசி தேடிக்கொள்ளத் தவணை கொடுத்தார்கள்.

தேடுவதுதான் கஷ்டமாக இருந்தது. இன்னொருவருடைய கட்சிக்காரரை எடுக்க ஊரில் எல்லோரும் தயங்கினார்கள். கடைசியில் நானாதான் வழி சொன்னார்.

"எங்கட மச்சான் ஒருத்தர் புதுசாப் பிரக்கிராசியா வந்திரிக்காரு. சின்ன வயசு. பெரிய ஆக்களோட தேத்தண்ணி குடிக்கிற அளவுக்கு இன்னும் பழக்கமில்ல."

"உள்ள உக்கார விடுவாரா நானா?"

"நான் இவ்வளவு காலம் விடல்லியா? எங்கட குடும்பத்துக்கு அந்தப் பொறும இரிக்கி."

அந்த இளைஞர் கதிரையை இழுத்துத் தன் மேசைக்குப் பக்கத்திலேயே போட்டார். அவர் கேட்ட முதல் கேள்வி, "சாட்சி யாரு?"

சாட்சி ஒருவர்தான். புருஷனின் மூத்த சகோதரி. பேராதனையில் தனியாக இருந்த கைம்பெண், தம்பியின் தயவில் வாழ்பவர். பன்வில தோட்டத்துக்குக் கூடப் போனவர், பூட்டிய கதவின் முன்னால் கூட நின்றவர், கடுகண்ணாவை விஷயம் முழுவதும் தெரிந்தவர். தம்பிக்கு எதிராகக் கூண்டில் ஏற அவர் எப்படி வருவார்? அக்கா பேராதனைக்குப் போய் அவர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். காலையில் போவார், பொத்தான் வேலையை அங்கேயே வைத்துத் தைப்பார், பொழுது சாய்ந்ததும் திரும்புவார். மறுநாள் மறுபடியும். அந்த உரையாடலைப் பிறகு அந்த அம்மாளே நானாவின் கடையில் நடித்துக் காட்டினார்.

"எந்திரிச்சுப் போடி, ஊரே பாக்குது."

"பாக்கட்டும் மதினி. நான் உங்கள ஒண்ணும் கேக்கலியே."

"கேக்காம உக்காந்திருக்கியே, அதான்டி தாங்கல! வாயத் தொறந்து கேட்டுத் தொல, முடியாதுன்னாவது சொல்லிடுறேன்."

அக்கா கேட்கவில்லை. ஒரு நாள் மதினியே சேலையை மாற்றிக்கொண்டு வெளியே வந்து, "எந்தப் பிரக்கிராசி வீடு, காட்டு" என்றாராம்.

விசாரணையன்று அவர் எல்லாவற்றையும் சொன்னார். எதிர்த்தரப்புப் பிரக்கிராசி அவரை மடக்கப் பார்த்தார். "கூடப்பிறந்த தம்பிக்கு விரோதமாகச் சாட்சி சொல்ல உமக்கு வெட்கமில்லையா?"

"வெக்கமாத்தான் இருக்கு" என்றார் மதினி. "வீட்டப் பூட்டுனப்ப அவனுக்கு இருந்திருக்கணும். அவனுக்கு வராததுனால நான் படுறேன்."

புருஷன் அதற்குப் பிறகு கூண்டில் ஏறினார். அக்கா எதிர்வரிசையில் உட்கார்ந்து இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். புதிய பிரக்கிராசி உரக்கக் கேட்கவில்லை. பூட்டு வாங்கிய கடை எது, பிள்ளையைக் கடுகண்ணாவைக்குக் கூட்டிப்போனது யார், அந்த வீட்டுக்கு வாடகை கட்டுவது யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மனிதர் பதில்களை நீதிபதியிடம் சொல்லத் தொடங்கி, மேசையிடம் சொல்லி, கடைசியில் தன் கைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தீர்ப்பு அக்காவுக்கு. விவாகரத்து நிலையாவதற்குச் சட்டப்படி காத்திருக்க வேண்டும். பிள்ளையை மட்டும் உடனே தாயிடம் ஒப்படைக்க உத்தரவு. என் பத்திரிகையில் அது உட்பக்கத்தில் ஒரு சின்னச் செய்தியாக வந்தது. பெயர்கள் இல்லை.

ஒப்படைத்த நாளில் நான் அங்கே இருந்தேன். நீதிமன்றத்து நீண்ட விறாந்தையின் அந்தக் கோடியில் மதினி, கடுகண்ணாவையிலிருந்து கூட்டிவந்த மீனாட்சியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்தக் கோடியில் அக்கா. பிள்ளை ஒரு வருடத்துக்கு மேல் தாயைப் பார்க்கவில்லை, உயரமாகிவிட்டாள். கண்ணில் அடையாளம் தெரிந்ததா என்று சொல்ல முடியவில்லை. அக்கா ஓடவில்லை, கூப்பிடவில்லை. தரையில் முழந்தாளிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். மதினி பிடியை விட்டார். பிள்ளை நின்றாள்.

அந்த நேரத்தில் பழைய பிரக்கிராசி வேறொரு வழக்கை முடித்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே வந்தார். அக்காவைக் கண்டதும் கடிகாரச் சங்கிலியைத் தடவியபடி முன்னால் வந்து நின்றார்.

"பாத்தீரே தங்கச்சி? நான் அப்பவே சொன்னனான், எல்லாம் நல்லபடியா முடியும் எண்டு."

அக்கா அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவருடைய கோட்டைத் தாண்டி விறாந்தையின் மறுகோடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, கொஞ்சம் வழி விடுங்க" என்றார். "என் புள்ள வரட்டும்."

அவர் விலகினார். மீனாட்சி வந்தாள்.